சாதாரண நாளைக் காக்கும் ஊர்

கொழும்புப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் கிண்ணியா என்ற பெயர் பெரிய எழுத்தில் வந்த நாட்களைத் தேடிப் பாருங்கள். கையில் கிடைப்பவை பெரும்பாலும் துக்க நாட்களாகவே இருக்கும். 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் ஏறி வந்து வீடுகளையும் கரையோரத்தில் இருந்த வைத்தியசாலையையும் அடித்து நொறுக்கிய ஞாயிற்றுக்கிழமை. 2017 மார்ச், டெங்குக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து உயிர்களைப் பறித்த மாதம். 2021 நவம்பர் 23, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகுப்பாதை கவிழ்ந்த செவ்வாய்க்கிழமை.

முதல் துக்கத்துக்கும் கடைசித் துக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். அந்த நாட்களிலும் கிண்ணியாவில் மனிதர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்தன, கலியாணங்கள் நடந்தன, கிணறு இறைக்கப்பட்டது, மாடு கன்று போட்டது, புலமைப்பரிசில் முடிவு வந்தது, பக்கத்து வீட்டுக்குக் கறி போனது. பத்திரிகைக்கு அவை செய்தி அல்ல. ஊருக்கு அவைதான் வாழ்க்கை. இந்தக் கட்டுரை அந்த நாட்களைப் பற்றியது. அப்படியொரு நாள் ஓர் ஊருக்குச் சும்மா கிடைத்துவிடுவதில்லை என்பதைப் பற்றியதும்கூட.

தண்ணீரின் நடுவே ஊர்

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடிக் கிழக்குக் கரையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவின் கரையில், தம்பலகாமக் குடா கடலுக்குத் திறக்கும் வாயின் ஓரத்தில் இருக்கிறது முஸ்லிம் ஊரான கிண்ணியா. வடக்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், ஊரைக் கிழித்துக்கொண்டு உள்ளே நுழையும் களப்பும் தண்ணீர். பெரிய கிண்ணியா, சின்னக் கிண்ணியா, குட்டிக்கராச்சி, மாஞ்சோலை, காக்காமுனை, சூரங்கல், ஈச்சந்தீவு, நடுத்தீவு, குறிஞ்சாக்கேணி என்று ஊரின் பகுதிகளைச் சொல்லிக்கொண்டே போனால், பெயர்களிலேயே தீவும் முனையும் கேணியும் வந்து நிற்கும்.

பெயர்களில் துக்கமும் உண்டு. 1987இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஏ. எல். அப்துல் மஜீத், 1997இல் கொல்லப்பட்ட எம். ஈ. எச். மஹ்ரூப் ஆகிய இருவரும் இந்த மண்ணை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்தவர்கள். மஜீத் நகர், மஹ்ரூப் நகர் என்று இன்று பிள்ளைகள் தங்கள் முகவரியை எழுதும்போது அவர்களுடைய பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இந்தத் தண்ணீர்தான் ஊருக்குச் சோறு போட்டது. ஒரு பக்கம் கடலும் களப்பும், மறு பக்கம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் வள்ளம் தள்ளுவார், இன்னொருவர் வெள்ளாமை செய்வார், மூன்றாமவர் மாட்டுப் பட்டி வைத்திருப்பார். தம்பலகாமக் குடாவில் கண்ணாடி போல மெல்லிய, ஒளி ஊடுருவும் ஓடுள்ள ஒருவகைச் சிப்பி விளையும். அந்தச் சிப்பியின் சிறு முத்துகளுக்காக ஒரு காலத்தில் இங்கே குத்தகைக்கு முத்துக்குளிப்பே நடந்தது. நகைக்கு உதவாத அந்த முத்துகளை மருந்துக்கும் வெற்றிலையோடு உண்ணும் சுண்ணத்துக்கும் வாங்கிப் போனார்கள். இன்று முத்து இல்லை. ஆனால் வற்று நேரத்தில் களப்புக்குள் இறங்கி மட்டி பொறுக்கி, அன்றைய கறிக்கு வழி பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன.

காற்றுகூட வீட்டு வேலையைத் தீர்மானிக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பினால் உடம்பு எரியும். மதியத்துக்குப் பின் யாரும் முற்றத்தில் நிற்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பி மாரி பிடித்தால் மண் பாதைகளில் தண்ணீர் நிற்கும். விறகை உள்ளே எடுத்து வைக்க வேண்டும், நெல்லைக் காக்க வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தை அடுப்படியில் காய வைக்க வேண்டும்.

மகளுக்கு ஒரு வீடு

இந்த ஊரின் குடும்ப வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கொடுப்பார்கள். கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் பொதுவாக இருக்கும் பழக்கம் இது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி இதை ஆராய்ந்தார். 2008இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், தாய்வழிக் குடிமுறையும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இரு சமூகங்களையும் எவ்வளவு நெருக்கமாக இணைக்கின்றன என்பதை விரிவாகச் சொல்கிறது.

இதன் பலனைக் கிண்ணியாவின் எந்த ஒழுங்கையிலும் பார்க்கலாம். உம்மாவின் வளவுக்குள்ளேயே மூத்த மகளின் வீடு, அதற்கு அடுத்தது இளைய மகளின் வீடு. கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது. ஆனாலும் மதிலில் ஆள் நுழைய ஒரு கடப்பு விட்டுத்தான் கட்டுவார்கள். பகல் முழுவதும் அந்தக் கடப்பில் போக்குவரத்து ஓயாது. ஒரு கோப்பைச் சீனி இந்தப் பக்கம் வரும், பாதித் தேங்காய் அந்தப் பக்கம் போகும். “ராத்தா, புள்ளைக்குக் காய்ச்சல் காயுது, அந்தப் பாணி மருந்து இரிக்கா?” என்று ஒரு குரல் வரும். மருந்து போகும். மருந்தோடு உம்மம்மாவும் போவார்.

பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய் வீடு தேடிப் போக வேண்டியதில்லை. அவள் இருப்பதே தாயின் வளவில்தான். நாற்பது நாளும் உம்மா கைச் சோறு. பிள்ளை வளர்ந்து நடக்கத் தொடங்கினால் அதற்கு மூன்று குசினிகள் சொந்தம். எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்களோ அந்த வீட்டில் சாப்பிடும். ஒரு பெண் மாமியார் வீட்டில் தனியாக நின்று மூச்சு முட்டுகிற கதை இங்கே அரிது. கணவன் கடலுக்குப் போனாலும் வெளிநாடு போனாலும் அவளைச் சுற்றி அவளுடைய ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். வாப்பா வயலை விற்பார். காக்கா தன் தலைமுடி நரைக்கும்வரை தங்கைகளுக்காகக் கல் அடுக்குவார். கடைசி மகளுக்கும் வீடு கொடுத்த பிறகு பெற்றோர் பின்வளவில் ஒரு சிறு அறை போட்டு அங்கே ஒதுங்கிக்கொள்வார்கள். சீதனம் வேண்டாம் என்று பள்ளிவாசல்களில் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ரொக்கம் கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். வீடு மட்டும் இன்னும் எதிர்பார்ப்பாகவே நிற்கிறது. பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கூரை இருப்பது பெருமைக்குரியது. அந்தக் கூரைக்காக ஒரு குடும்பமே கடனில் மூழ்குவது பெருமைக்குரியதல்ல. மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சுமக்கும் நாள் வந்தால்தான் இந்த நல்ல வழக்கம் நல்லதாகவே நிலைக்கும்.

ஒழுங்கையின் ஓசைகள்

சுபஹு பாங்கோடு ஊர் எழும்பும். தொழுதுவிட்டுத் திரும்பும் ஆண்கள் தேநீர்க் கடை வாங்கில் சற்று உட்காருவார்கள். பிளேன்டீயோடு அங்கே அன்றைய முதல் செய்திப் பரிமாற்றம் நடக்கும். யாருடைய வலையில் என்ன பட்டது, எந்த வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள், எந்த வீட்டுக்கு நேற்று இரவு பொலிஸ் வந்தது, ஏன் வந்தது. வீட்டுக்குள் இடியப்பத் தட்டுகள் ஆவியில் வேகும் நேரம் அது.

ஏழு மணிக்கு ஒழுங்கை வெள்ளை நிறமாகிவிடும். வெள்ளை உடுப்பும் வெள்ளைப் பர்தாவுமாகப் பெண்பிள்ளைகள், வெள்ளைச் சட்டையில் ஆண்பிள்ளைகள். மத்திய கல்லூரிக்கும் அல் அக்ஸாவுக்கும் மகளிர் பாடசாலைக்கும் போகிற ஓட்டம். சைக்கிள் பாரில் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வாப்பாமார். ஓர் ஓட்டோவுக்குள் எத்தனை பிள்ளைகள் என்பதை எண்ணினால் பயம் வரும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்த ஒழுங்கை வரை வந்து சேர்ந்திருக்கிறது. வலை இழுக்கும் வாப்பாமாரின், விறகு வெட்டிய பாட்டன்மாரின் வம்சத்தில் இன்று ஆசிரியர்களும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். உயர் தர முடிவு வெளியானால் சந்தியில் படம் போட்டு பெனர் கட்டுவார்கள். எந்தப் பாடத்தில் எந்தச் சித்தி என்பது அன்று மாலைக்குள் மீன் கடைக்காரருக்கும் மனப்பாடம்.

பிற்பகல் ஒழுங்கையில் ஒரு பாட்டு வரும். இலங்கையெங்கும் பாண் விற்கும் ஓட்டோக்கள் வாசிக்கும் அதே மெட்டு. 1810இல் பீத்தோவன் எழுதிய சிறு பியானோ இசை அது. அந்த இசை கேட்டால் கிண்ணியாப் பிள்ளைக்கு வாய் ஊறும். மாலுபணிஸுக்கும் சீனிப் பணிஸுக்கும் காசு கேட்டு உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மீன்காரர் வருவது ஹோர்ன் சத்தத்தோடு. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி, தராசு, மரக்கட்டை, கத்தி. வீட்டுப் பெண் வாசலுக்கு வராமல் கதவோரம் நிற்க, பிள்ளை தூது போகும்.

“நானா, சூடை கிலோ என்ன விலையாம்? உம்மா கேட்டா.”

“உம்மாவ வந்து பாக்கச் சொல்லுங்க மகள். இப்பதான் கரைக்கு வந்த மீன். செவுளப் பாருங்க.”

பிள்ளை ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்க்கும். எட்டு வயதில் அதற்கு நல்ல மீன் எது, நேற்றைய மீன் எது என்று தெரியும். சிவப்பாக இருக்கிறது என்று கதவுப் பக்கம் திரும்பிச் சொல்லும். உள்ளிருந்து விலை குறைக்கச் சொல்லி ஒரு குரல் வரும். மீன்காரர் குறைக்க மாட்டேன் என்பார், நிறுத்த பிறகு இரண்டு மீனை மேலே போட்டுவிட்டுப் போவார். கணக்கு சில வீடுகளில் கொப்பியில் ஏறும். சம்பளம் வரும்போது, அல்லது வெளிநாட்டிலிருந்து காசு வரும்போது தீரும். அந்தக் கொப்பியில் இருப்பது விலைப்பட்டியல் மட்டுமல்ல, இந்தக் குடும்பம் ஓடிப் போகாது என்ற நம்பிக்கையும்.

ஒலிபெருக்கியில் ஒரு குடும்ப மரம்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களில், ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு வாராந்தரப் பத்திரிகை இருந்தது. யார் வீட்டுக்கு எந்த உறவினர் விருந்துக்கு வந்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்பதையெல்லாம் அவை வரி வரியாக அச்சிட்டன. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இன்று அந்த வரிகள் பொக்கிஷம். கிண்ணியாவுக்கு அப்படியொரு பத்திரிகையின் வேலையை நெடுங்காலம் செய்துவந்தது பள்ளிவாசல் ஒலிபெருக்கி.

தண்ணீர் வெட்டு, தடுப்பூசி நாள், காணாமல் போன ஆட்டுக்குட்டி, கண்டெடுத்த பணப்பை என்று எல்லாம் அதில் வரும். ஆனால் ஒலிபெருக்கி நேரமல்லாத நேரத்தில் ‘கிர்’ என்று உயிர்பெற்றால் ஊரே ஒரு கணம் கையை நிறுத்தும். ஜனாஸா அறிவித்தல். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவர் எந்தத் தெரு என்பது முதலில். பிறகு அவர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி, இன்னாரின் மாமி. மரக்கறிக் கடை வைத்திருப்பவர், இன்ன பாடசாலை ஆசிரியர், கட்டாரில் இருப்பவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடையாளம். கேட்டுக்கொண்டிருப்பவர் மனதில் ஒரு குடும்ப மரம் கிளை விட்டுக்கொண்டே போகும். எங்கோ ஒரு கிளையில் தன் பெயரும் தொட்டுக்கொண்டிருப்பது தெரிந்ததும் எழுந்து சட்டையை மாற்றுவார். அழைப்பு யாருக்கும் தனியாகப் போகாது. அறிவித்தல்தான் அழைப்பு.

அதற்குப் பிறகு வேலைகள் தாமாக நடக்கும். ஒருவர் கப்றுக் குழிக்கு ஆள் சேர்ப்பார். பெண்கள் குளிப்பாட்டவும் கபனிடவும் போவார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அயல் வீடுகளிலிருந்து சோறு வரும். இந்தக் கடமைகள் எவ்வளவு ஆழமானவை என்பதை நாடு கொரோனாக் காலத்தில் கண்டது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை, தொற்றால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. நாட்டின் ஏனைய முஸ்லிம் ஊர்களைப் போலக் கிண்ணியாவும் அந்த மாதங்களைத் தீராத வேதனையோடு கடந்தது. சடலத்தைக் குளிப்பாட்டி, தோளில் சுமந்து, மண்ணில் ஒப்படைப்பது வெறும் சடங்கென்று நினைத்தவர்களுக்கு, அது ஒரு குடும்பத்தின் கடைசி உரிமை என்பது அப்போது புரிந்திருக்க வேண்டும்.

நோன்பு மாதத்துக் கஞ்சி

ரமழானில் ஊரின் நேர அட்டவணையே மாறிவிடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு இலங்கையில் நோன்பு கால விடுமுறை தனியாக உண்டு. பின்னேரம் மூன்று மணிக்கே பள்ளிவாசல் வளவில் பெரிய கிடாரங்களில் கஞ்சி கொதிக்கத் தொடங்கும். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை, வசதியிருந்தால் இறைச்சி. ஒவ்வொரு நாள் கஞ்சியும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் இருக்கும். யாருடைய நாள் என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அஸருக்குப் பிறகு கையில் வாளியோடும் சட்டியோடும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பணக்கார வீட்டுச் சட்டிக்கும் ஏழை வீட்டுச் சட்டிக்கும் ஒரே அகப்பை.

பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தையல் இயந்திரங்கள் இரவிலும் ஓடும். வீட்டில் தைத்துச் சம்பாதிக்கும் பெண்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய வருமானம் அந்த நாட்களில்தான். சொந்தப் பிள்ளையின் சட்டைக்குப் பட்டன் கட்டுவது பெரும்பாலும் பெருநாள் இரவுதான், அதற்கு முன் நேரம் கிடைக்காது. விடிந்தால் வட்டிலப்பமும் தொதலும். ஒரு தட்டு நிறைய வைத்து அயல் தமிழ் வீடுகளுக்கும் போகும்.

அயல் என்பது இங்கே ஆலங்கேணியையும் தம்பலகாமத்தையும் சேர்த்தது. ஆதி கோணேசுவரர் கோயில் கொண்ட தம்பலகாமத்தின் வயல்களும் கிண்ணியா முஸ்லிம்களின் வயல்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கின்றன. யுத்த காலம் இரு பக்கத்திலும் சாவுகளை விதைத்தது, சந்தேகங்களையும் விதைத்துவிட்டுப் போனது. அவற்றை மறுப்பது நேர்மையல்ல. ஆனாலும் வெள்ளாமைக் காலத்தில் ஆள் தேவை, அறுவடைக்கு இயந்திரம் தேவை, தயிருக்கும் நெல்லுக்கும் சந்தை தேவை. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் தட்டு மாறுவது அந்தத் தேவைகளுக்கு மேலே மனிதர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட மரியாதை. கவிஞர் அண்ணலைத் தமிழுக்குத் தந்த ஊர் கிண்ணியா. தமிழ்தான் இரு வீட்டிலும் பேச்சு.

காசு வரும் வழி

இந்த ஊரின் பல வீடுகள் மூன்று நான்கு கட்டங்களில் கட்டப்பட்டவை என்பது பார்த்தாலே தெரியும். அத்திவாரம் போட்டது சவூதிக் காசில், சுவர் எழும்பியது இரண்டாம் ஒப்பந்தத்தில், நிலத்துக்கு மாபிள் பதித்தது கட்டாரில். வாப்பாவின் முகத்தை வீடியோ அழைப்பில் பார்த்து வளரும் பிள்ளைகள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. உம்மாவே பணிப்பெண்ணாகப் போன வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் உம்மம்மாவும் சாச்சிமாரும் பிள்ளையை வளர்க்கிறார்கள். தாய் வளவு என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஊருக்குள் பெண்களின் சொந்த வங்கி சீட்டு. பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, மாதம் ஒருவர் எடுப்பார். யாருக்கு முதல் சீட்டு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒப்பரேஷன் என்றால் குலுக்கலை ஒதுக்கிவைத்து அந்த மாதச் சீட்டை அவளுக்கே கொடுத்துவிடுவார்கள். சட்டப் புத்தகம் எதிலும் இல்லாத இந்த விதியை யாரும் மீறுவதில்லை.

2022இல் நாடு வங்குரோத்தானபோது இந்த ஏற்பாடுகள் எல்லாம் சோதனைக்கு வந்தன. மின்சாரம் நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் இல்லாமல் போன நாட்கள் இருந்தன. எரிவாயு கிடைக்காமல் அடுப்படிக்கு விறகு திரும்பியது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் படகுகள் கரையிலேயே கிடந்தன. கடல் பக்கத்தில் இருக்க, மீன் வாங்கக் காசில்லாத நிலை. அப்போதும் கடப்புகள் வழியே சோறு போனது. கொப்பியில் கணக்கு ஏறியது. பசியை முழுதாகத் தடுக்க அந்த ஏற்பாடுகளால் முடியவில்லை. பசியோடு யாரையும் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள அவற்றால் முடிந்தது.

பாலம் இருந்த இடமும் இல்லாத இடமும்

ஒரு குடும்பம் தன் பங்கைச் செய்துவிடும். உம்மா இடியப்பம் அவிப்பார், வாப்பா சைக்கிளில் ஏற்றுவார், பிள்ளை பாடமாக்கும். அதற்கு மேல் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைக் குடும்பத்தால் செய்ய முடியாது. ஆற்றுக்கு மேலே பாலம் போட எந்த உம்மாவாலும் முடியாது.

2009 ஒக்டோபர் 20இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம், அப்போது நாட்டின் மிக நீண்ட பாலம். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியில் கட்டப்பட்டது. அதற்கு முன் திருகோணமலைக்குப் போக வேண்டுமானால் துறையில் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். வாகனமும் மனிதரும் மாடும் ஒன்றாக ஏறிக் கடக்க வேண்டும். இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் நெஞ்சு வலி வந்த மனிதருக்கும் அந்தக் காத்திருப்பு உயிர்க் கேள்வி. பாலம் வந்ததும் அந்தக் கேள்வி நீங்கியது. மறுநாளிலிருந்து யாரும் அதைப் பற்றிப் பேசாமல் வேலைக்குப் போனார்கள், பின்னேரம் காற்று வாங்கப் பிள்ளைகளோடு பாலத்தில் நடந்தார்கள். நல்ல பொதுவேலையின் வெற்றி அதுதான். அது நடந்த பிறகு அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

அதே ஊரில், அதே தண்ணீரின் இன்னொரு கையில், குறிஞ்சாக்கேணிப் பாலம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பணி முடியும்வரை மக்கள் கடக்கப் படகுப்பாதை ஒன்று ஓடியது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பின்னர் எண்ணிக்கை கூடியது. புத்தகப்பை தோளில் இருந்தது, சப்பாத்து காலில் இருந்தது. வீட்டில் பகல் சோற்றுக்கு அரிசி களைந்தாயிற்று. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்குத் தேவையான எல்லாமே அந்த வீடுகளில் தயாராக இருந்தன. கடக்க ஒரு நல்ல வழி மட்டும் இல்லை. அன்று மக்கள் வீதியில் இறங்கிக் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. மாற்று வழி பாதுகாப்பானதா என்று பார்க்காமல் பழைய வழியை மூடுவது நிர்வாகக் குறை என்ற மெல்லிய சொல்லுக்குள் அடங்காது.

2017 டெங்குவும் இதே பாடத்தைத்தான் சொன்னது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்குத் தொற்று பதிவானது. ஆண்டின் தொடக்கத்திலேயே கடுமையாக அடிபட்ட ஊர்களில் கிண்ணியா ஒன்று. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. வைத்தியசாலையில் கட்டிலுக்கு இருவர் என்ற நிலை. நெருக்கமான வளவுகள், மணல் தரையில் வீட்டுக்கு வீடு கிணறு, வடிகான் இல்லாத ஒழுங்கைகள். டெங்கு நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை. மூடாத தொட்டி, பயன்படாத கிணறு, சிரட்டை, டயர் என்று நல்ல தண்ணீர் தேங்கும் எந்த இடமும் போதும். வீட்டுக்காரர் வளவைத் துப்புரவாக்க வேண்டும், உண்மைதான். குப்பையை வாரந்தோறும் எடுத்துப் போக நகரசபை வர வேண்டும், வடிகான் வெட்ட வேண்டும், வைத்தியசாலைக்குக் கட்டிலும் தாதியரும் கொடுக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

எழுத வேண்டியதும் செய்ய வேண்டியதும்

கிண்ணியாவின் பிள்ளைகளிடம், குறிப்பாக மகளிர் பாடசாலையிலும் மத்திய கல்லூரியிலும் அல் அக்ஸாவிலும் உயர் தரம் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மம்மா உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படகுப்பாதையில் ஆற்றைக் கடந்த நாட்களில் துறையில் என்ன விற்றார்கள், முதல் மின்குமிழ் எந்த வீட்டில் எரிந்தது, கிடுகு எப்படிப் பின்னினார்கள், கலியாண வீட்டுக்கு யார் யார் எத்தனை தேங்காய் கொண்டுவந்தார்கள். சுனாமியில் அல்பங்களும் உறுதிகளும் போன வீடுகள் ஏராளம். நினைவில் மிஞ்சியிருப்பதும் போய்விடுவதற்குள் அவை தாளுக்கு வர வேண்டும். பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுத ஆட்கள் வருவார்கள். சீட்டுப் பிடித்த பெண்களின் சரித்திரத்தை உங்களை விட்டால் எழுத ஆளில்லை.

ஊரை நிர்வகிக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இதைவிட எளிது. திட்டத்தின் பெறுமதி எத்தனை கோடி, அடிக்கல்லில் யார் பெயர் என்பதை மக்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். பிள்ளை காலையில் போய் மதியம் திரும்பி வந்ததா என்பதைத்தான் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிறது. வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி, பாலம், இரவில் திறந்திருக்கும் வைத்தியசாலை என்று எதை எடுத்தாலும் அந்த ஒரு கணக்குக்கே உதவ வேண்டும். மகளுக்கு வீடு கட்ட ஒரு குடும்பம் இருபது வருடம் உழைக்கிறது. அந்த வீட்டுக்கு வெளியே இருக்கும் பாதையைக் காக்க, அந்த உழைப்பில் பாதியையாவது அரசாங்கம் காட்ட வேண்டும். அது கிண்ணியா கேட்கும் சலுகையல்ல, அதற்குச் சேர வேண்டிய கடன்.